டூரிங், ரேஸ் பேடில்போர்டு: பார்த்து வாங்குவதும் பத்திரமாக வைத்துக்கொள்வதும்

நின்றபடி துடுப்பு போடும் பேடில்போர்டில் பெரும்பாலானவர்கள் முதலில் ஏறுவது பத்தரை அடி நீளமும் 32, 33 அங்குல அகலமும் உள்ள ஆல்ரவுண்ட் போர்டில்தான். கொஞ்ச நாள் போனதும் அதில் ஒன்று உறுத்த ஆரம்பிக்கும்: எவ்வளவு இழுத்துத் துடுப்பு போட்டாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது, ஒரே பக்கம் நாலு தடவை துடுப்பு போட்டால் போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, மறுபக்கம் திரும்பிவிடும். பத்து கிலோமீட்டர் போய்வரலாம் என்று கிளம்பினால் பாதியிலேயே தோள் கெஞ்சும். நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் போர்டோ போட்டிக்கான ரேஸ் போர்டோ வாங்கலாமா என்ற யோசனை அப்போதுதான் வரும், வர வேண்டிய நேரமும் அதுதான்.

கடையில் முதலில் நீளத்தைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் கார்பன், அப்புறம் எடை. நான் அகலத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஆனால் நீளம் ஏன் வேகம் தருகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

போர்டு போகும்போது மூக்கில் ஒரு அலையும் வாலில் ஒரு அலையும் எழுப்பிக்கொண்டே போகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் போர்டு முழுவதும் ஒரே அலைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், தான் எழுப்பிய அலையின் மேலேயே போர்டு ஏறியாக வேண்டும். படகு கட்டுபவர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.). பத்தரை அடிக்கு மணிக்கு சுமார் 8 கி.மீ., 12 அடி 6 அங்குலத்துக்கு 8.8, 14 அடிக்கு 9.3. இதைத் தாண்டவே முடியாது என்றில்லை, ஒல்லியான போர்டுகள் தாண்டும்தான். ஆனால் அந்த இடத்திலிருந்து ஒவ்வொரு அரை கிலோமீட்டர் வேகத்துக்கும் கொடுக்க வேண்டிய உழைப்பு கிடுகிடுவென ஏறும். இன்னொன்று, ஆல்ரவுண்ட் போர்டின் மூக்கு மேல்நோக்கி வளைந்து தண்ணீருக்கு வெளியே நிற்பதால் அதன் முழு நீளமும் வேலை செய்வதில்லை. டூரிங், ரேஸ் போர்டுகளின் மூக்கு கூராக, கிட்டத்தட்ட நேராக இறங்கித் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும், அதனால்தான் ஏறிய முதல் நிமிடமே வித்தியாசம் தெரிகிறது.

போட்டி ஆசை இருந்தால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: போர்டின் நீளத்தை வைத்துப் பிரிக்கும் போட்டி வகுப்புகளில் பல வருடங்களாக நிலைத்திருப்பவை 12 அடி 6 அங்குலமும் 14 அடியும்தான். 13 அடி போர்டை வாங்கினால் 14 அடிக்காரர்களோடுதான் நிற்க வேண்டியிருக்கும். நீள வரம்பே இல்லாத வகுப்பும் உண்டு, ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்கு 32 மைல் கடக்கும் போட்டியில் காலால் திருப்பும் சுக்கான் வைத்த நீண்ட போர்டுகளைப் பார்க்கலாம். அது தனி உலகம், முதல் போர்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது அகலம். டூரிங் போர்டுகள் பொதுவாக 28 முதல் 31 அங்குலம், ரேஸ் போர்டுகள் 21 முதல் 27 வரை. ஒல்லியானது வேகமானது என்பது உண்மைதான், ஆனால் அதன் மேல் நிம்மதியாக நிற்கத் தெரிந்தவருக்கு மட்டும். போர்டு ஆடும்போது உடம்பு தானாக இறுகும், துடுப்பை முன்னால் நீட்டிப் போடுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஊன்றிக்கொள்ளத் தோன்றும், தொடையும் முதுகும் சமநிலைக்காகவே களைத்துப்போகும். 24 அங்குலத்தில் நடுங்கிக்கொண்டு போகிறவரை 27 அங்குலத்தில் நிதானமாகப் போகிறவர் பத்து கிலோமீட்டரில் சுலபமாகத் தாண்டிவிடுவார், இதை எந்த உள்ளூர்ப் போட்டியிலும் பார்க்கலாம்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது கால் விரல்களைப் பாருங்கள். கரையோரக் கண்ணாடித் தண்ணீரில் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டுத் திருப்தியாகிவிடக் கூடாது. காற்று கொஞ்சம் கிளம்பிய பிறகு, மோட்டார் படகு போன அலை பக்கவாட்டில் வந்து இடிக்கிற இடத்தில், அரை மணி நேரமாவது துடுப்பு போட்டுக் களைத்த பின் குனிந்து பாருங்கள். விரல்கள் மேல்தளத்தைக் கவ்விப் பிடித்து நுனி வெளுத்திருந்தால், பாதத்தின் நடுவில் இறுக்கம் பிடித்திருந்தால், அந்த அகலம் இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை. பாதம் தளர்ந்து படிந்திருந்து, தலையைத் திருப்பி பின்னால் பார்க்க முடிந்தால் சரி. ஆல்ரவுண்டிலிருந்து வருகிறவருக்கு 28 முதல் 30 அங்குலத்துக்குள் ஒரு டூரிங் போர்டு பெரும்பாலும் பொருந்தும். ரேஸ்தான் வேண்டும் என்றால் 26, 27 இல் ஆரம்பிக்கலாம். அகலத்தை இரண்டு அங்குலம் குறைக்க ஆசைப்பட்டால் அடுத்த போர்டில் குறைத்துக்கொள்ளலாம்.

அகலத்தோடு சேர்த்துக் கன அளவையும் பாருங்கள். ஒரு லிட்டர் கன அளவு கிட்டத்தட்ட ஒரு கிலோவை மிதக்க வைக்கும். 80 கிலோ ஆள், 12 கிலோ போர்டு, கூடாரமும் தண்ணீருமாக 15 கிலோ மூட்டை, மொத்தம் 107. 107 லிட்டர் போர்டு என்றால் மேல்தளம் தண்ணீர் மட்டத்தில் நிற்கும், ஒரு சின்ன அலைக்கே முழுகும். மொத்த எடையைப் போல இரண்டு மடங்கு லிட்டராவது இருக்கட்டும். பயணத்துக்கு மூட்டை ஏற்றுவதானால் இன்னும் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் போர்டுகளில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச எடையை நம்பி அந்த எல்லை வரை போக வேண்டாம், அந்த எடையில் மிதக்கும், ஆனால் நடுவில் தொய்ந்து இழுக்கும்.

காற்றடிக்கும் போர்டா, கெட்டிப் போர்டா என்று எல்லோரும் கேட்பார்கள். என் பதில், உங்கள் வீட்டில் 14 அடிக்கு இடம் எங்கே என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும். தண்ணீரில் கெட்டிப் போர்டுதான் மேல், அதில் சந்தேகமே இல்லை: கார்பன் தோலுக்குள் இலகுவான நுரை, கூர்மையான விளிம்பு, துடுப்பின் இழுப்பு அப்படியே ஓட்டமாக மாறும். ஆனால் மாடிப்படியில் திருப்ப முடியாமல், காரில் கட்ட இரண்டு பேர் வேண்டியிருந்து, அதனாலேயே மாதம் ஒரு முறைதான் தண்ணீரில் இறங்குகிறது என்றால், பையில் சுருட்டி வைத்த காற்றுப் போர்டில் வாரம் மூன்று முறை போகிறவர்தான் நன்றாகத் துடுப்பு போடக் கற்றுக்கொள்வார். காற்றுப் போர்டின் மேல், கீழ்த் துணிகளை உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் பிணைத்திருப்பதால்தான் அது பலூன் போல் உருண்டு போகாமல் பலகையாக நிற்கிறது. பெரும்பாலானவற்றுக்கு 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தம் சொல்லியிருப்பார்கள், போர்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதுவரை அடியுங்கள். கைவலி வந்து 11, 12 இல் நிறுத்தினால் நீளமான போர்டு ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் வளைந்து கொடுத்து உங்கள் உழைப்பைத் தின்றுவிடும். மின்சாரப் பம்ப் வாங்குவதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

பம்ப் அடிக்குமுன் வால்வின் நடுவில் இருக்கும் பின்னை அழுத்தித் திருகி, மேலே எழும்பி நிற்கும்படி விடுங்கள். அது கீழே அமுங்கியிருந்தால் குழாயைக் கழற்றிய நொடியில் அடித்த காற்றெல்லாம் சீறிக்கொண்டு போய்விடும்.

கெட்டிப் போர்டுகளில் மேல்தளம் தட்டையானவை உண்டு, தொட்டி போல் குழிந்தவை உண்டு. குழிந்ததில் நிற்கும் இடம் தாழ்வாக இருப்பதால் சமநிலை கூடும். அதே அகலத்தில் ஒரு அங்குலம் இலவசமாகக் கிடைத்த மாதிரி. தட்டையானதில் திரும்பும்போது வால் பக்கம் நடந்து போவது சுலபம், மூட்டை கட்டவும் வசதி. கடல் அலையின் முதுகில் சறுக்கிப் போகிறவர்களுக்கு மூக்கு சற்று தூக்கிய போர்டு வேண்டும், ஏரியிலும் அமைதியான ஆற்றிலும் போகிறவர்களுக்கு அது வீண்.

துடுப்புக்குப் பணம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேல் தடவை தூக்கி வைக்கப்போவது துடுப்பைத்தான். கனமான அலுமினியத் துடுப்போடு கார்பன் போர்டில் போவதைவிட, நல்ல கார்பன் துடுப்போடு சாதாரண போர்டில் போவது மேல். நீளம், உங்கள் உயரத்தோடு 20 முதல் 25 செ.மீ. கூட்டினால் ஆரம்பத்துக்குச் சரி, குழிந்த போர்டில் இரண்டு மூன்று செ.மீ. குறைக்கலாம். முதலில் நீளம் மாற்றக்கூடியதை வைத்துக் கொஞ்ச நாள் பாருங்கள், எந்த நீளத்தில் தோள் வலிக்கவில்லை என்று தெரிந்த பிறகு அந்த அளவில் ஒற்றைத் துண்டுத் துடுப்பை வெட்டிக்கொள்ளலாம். கைப்பிடியைச் சூட்டில் உருகும் பசையால் ஒட்டினால் பின்னால் சூடுகாட்டிக் கழற்றி மாற்றவும் முடியும். துடுப்பின் இலை, அதாவது தண்ணீரில் இறங்கும் தட்டையான பகுதி, ரொம்பப் பெரிதாக வேண்டாம், பெரிய இலை தோளைத்தான் முதலில் பதம் பார்க்கும். இலையின் சாய்வு முன்பக்கமாக, உங்களை விட்டு விலகி இருக்க வேண்டும், பலர் மாற்றிப் பிடிப்பது இதைத்தான்.

ஃபின் (போர்டின் அடியில் வால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) பற்றிச் சுருக்கமாக: அது பொருந்தும் பெட்டிக்குள் பின்னால் தள்ளினால் நேராகப் போகும், முன்னால் தள்ளினால் சுலபமாகத் திரும்பும். பாசி, தாமரைக்கொடி உள்ள நீர்நிலை என்றால் பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த ஃபின் ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொண்டு போர்டு நின்றே போகும்.

லீஷ், அதாவது உங்களையும் போர்டையும் பிணைக்கும் கயிறு, அந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. விழுந்ததும் காற்று போர்டைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு நல்ல நீச்சல்காரராலும் ஈடுகொடுக்க முடியாது. ஏரியிலும் அமைதியான கடலிலும் சுருள் லீஷைக் கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழோ கட்டலாம். ஓடும் ஆற்றில் கணுக்காலில் கட்டவே கட்டாதீர்கள். கிளையிலோ பாறையிலோ பாலத்தூணிலோ லீஷ் மாட்டினால் நீரோட்டம் உங்களைக் குப்புறத் தள்ளி அழுத்தும், அந்த நிலையில் காலை எட்டி அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் விடுபடும் பெல்ட்தான் வேண்டும். அந்தப் பிடியைக் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போர்டின் மூக்கில் கட்டி வைக்காமல் உடம்பில் போடுங்கள். கரையிலிருந்து வெளியே வீசும் காற்று ரொம்ப ஏமாற்றும், கரையோரம் தண்ணீர் சலனமே இல்லாமல் இருக்கும், இருநூறு மீட்டர் தள்ளிப் போனதும்தான் தெரியும். நிற்கிற உடம்பே பாய் ஆகிவிடும் என்பதால் உடனே மண்டியிட்டு, குட்டையாகத் துடுப்பு பிடித்துத் திரும்புங்கள். முடிந்தவரை எதிர்காற்றில் கிளம்பி, பின்காற்றில் வீடு திரும்பும்படி வழியை வைத்துக்கொள்வது நல்லது.

பராமரிப்பில் முதல் எதிரி வெயில். காற்றுப் போர்டை வெயிலில் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதானால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். உள்ளே காற்று சூடாகி விரிந்தால் ஒட்டிய விளிம்பு பிரியும். கெட்டிப் போர்டைத் தண்ணீரை விட்டு எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோங்கள், கறுப்பு நிறமானால் கண்டிப்பாக. காரில் கட்டும்போது மேல்தளம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, பஞ்சு சுற்றிய கம்பிகளில் வைத்து, பட்டையைக் கையால் இழுத்து இறுக்கினால் போதும், நெம்புகோல் வைத்து முறுக்கும் பட்டை கார்பன் தோலையே நொறுக்கிவிடும். பட்டையை ஒரு திருகு திருகிக் கட்டினால் ஓட்டத்தில் விர்ரென்று அதிராது. நீளமான போர்டுக்கு மூக்கிலிருந்து கீழே ஒரு கயிறும் வேண்டும்.

கெட்டிப் போர்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் அன்றே தண்ணீரை விட்டு வெளியே எடுங்கள். விரிசல் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மிதமான வெயிலில் வைத்தால், உள்ளே ஈரம் இருந்தால் தாளின் அடியில் முத்து முத்தாகக் கோர்க்கும். அது நிற்கும் வரை காயவைத்துவிட்டுத்தான் எபாக்சி என்ற ஒட்டுப்பிசினைப் பூச வேண்டும், ஈரத்தின் மேல் பூசினால் தண்ணீரை உள்ளே பூட்டிவைத்த கதைதான். காற்றுப் போர்டில் கசிவு சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள், பலமுறை கசிவது வால்வுதான், அதற்கான சாவியால் கால் சுற்று இறுக்கினாலே நின்றுவிடும்.

பழைய போர்டு வாங்குகிறீர்களா, வீட்டிலிருந்து எடை பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஒன்றிரண்டு கிலோ கூட இருந்தால் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மேல்தளத்தை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள், ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் அங்கே தோல் நுரையை விட்டுப் பிரிந்திருக்கும். ஃபினைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்து, பெட்டியைச் சுற்றி விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீறலும் சாயம் போனதும் பரவாயில்லை, பெட்டி அசைந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.