சென்னை–லண்டன்: நேரக் கணக்கில் கோட்டை விடும் இடங்கள்

பாஸ்போர்ட்டை மறப்பது, பெட்டி எடை கூடுவது எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். இருபது வருடமாகச் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பவன் நான். போன வாரம் எதிர் வீட்டுக்காரர், வளைகுடா வழியாக லண்டன் போகும் மகளின் டிக்கெட்டோடு வந்தார். "திங்கட்கிழமை ராத்திரிதானே சார்?" டிக்கெட்டில் திங்கள் 01:50. என் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

நடுராத்திரித் தேதி

நமக்கு விடிந்தால்தான் மறுநாள். டிக்கெட்டுக்கு ராத்திரி 12 அடித்தாலே மறுநாள். திங்கள் 01:50 என்றால் ஞாயிறு இரவே கிளம்பியாக வேண்டும். சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் பலவும் நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில்தான் புறப்படுகின்றன. அதனால் இந்தக் குழி எப்போதும் திறந்தே கிடக்கிறது.

நானே விழுந்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு 12ஆம் தேதி 02:15க்கு டிக்கெட். 12ஆம் தேதி இரவு பதினொன்றேகாலுக்கு வேன் பிடித்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் போய் இறங்கினோம். ஊறுகாய் பாட்டிலைப் பெரியம்மா பழைய வேட்டியில் சுற்றிக் கட்டியிருந்தார். வாசலில் நின்ற காவலர் தேதியின் மேல் கட்டைவிரலை வைத்து "கல், கல்" என்றார். இந்தியில் நாளைக்கும் கல்தான், நேற்றைக்கும் கல்தான். நாளைக்குத்தானோ என்று ஒரு நிமிடம் மூச்சு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. விமானம் போய் இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

நஷ்டம் அதோடு நிற்காது. ஏறாமல் விட்டால், அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். புது டிக்கெட் காசை மாதாமாதம் கட்டித் தீர்த்தேன். பெரியப்பா கேட்கவில்லை, பெரியம்மா கேட்டார்.

இப்போதெல்லாம் டிக்கெட் தாளின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: "ஞாயிறு இரவு 9:30, வீட்டிலிருந்து கிளம்பணும்."

மணியைக் கழிப்பது

காலை 5:30க்கு ஏறி 11:30க்கு இறங்கினால் ஆறு மணி நேரப் பயணம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 11:30 லண்டன் கடிகாரம். நாம் அவர்களைவிட ஐந்தரை மணி முந்தி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை, கோடைக்காக அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், நாலரைதான். ஆக, கோடையில் அது பத்தரை மணி நேரப் பயணம்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

சுமார் 8,200 கிலோமீட்டர், மணிக்கு 900 என்றால் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஆனால் மேலே காற்று மேற்கிலிருந்து எதிரே அடிக்கும், சில நாடுகளின் வானத்தைச் சுற்றிப் போக வேண்டும், ஓடுபாதை வரை உருண்டு போகும் நேரமும் பயண நேரத்தில் சேரும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால் சீக்கிரம் வந்துவிடலாம்.

சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைப்பது

வேண்டாம். உருண்டையைத் தட்டையாக்கிய படத்தில் நேர்கோடு குறுக்குவழி ஆகாது. உலக உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள்.

அழைத்துப் போக வருபவர்

லண்டனில் மதியம் ஏறினால் இங்கே மறுநாள் விடியற்காலை. இறங்கும் தேதியைச் சொல்லி வையுங்கள்.