விவாகரத்து வழக்குக்கு முன்னால் நடுநிலையான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்

இலங்கையில், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கோர்ட் படி ஏறும் முன் இதைச் செய்து பாருங்கள். எந்தப் பக்கத்துக்கும் வழக்குப் பேசப்போகாத, குடும்ப வழக்குகளில் பழகிய ஒரு மூத்த சட்டத்தரணியிடம் இருவரும் சேர்ந்தே போய்த் தங்கள் தரப்பைச் சொன்னால், வழக்காகப் போனால் அநேகமாக எப்படி முடியும் என்று அவர் சொல்வார். அது தீர்ப்பில்லை, பிடிக்காவிட்டால் எழுந்து வரலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் பிள்ளைகள் விஷயத்துக்கு இப்படி நடுநிலையான ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர் உட்கார்ந்து கேட்பது வழக்கம், முடிந்தால் நீங்களும் அப்படி ஏற்பாடு செய்யுங்கள்.

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, அடகு வைத்த நகை ரசீது எல்லாம் எடுத்துப் போங்கள். "பிள்ளை எனக்குத்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பா கொழும்பில் கடையில், அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் என்றால் ஸ்கூல் விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது, தீபாவளிக்கு எந்த வீடு, பாட்டியைப் பார்ப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பேசுங்கள், ஏனென்றால் நீதிமன்றம் பார்ப்பதும் பிள்ளையின் நலனைத்தான்.

சரி, உடன்பட்டாயிற்று. ஆனால் தோட்டத் தலைவர் முன்னால் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடாது. பொதுத் திருமணச் சட்டப்படி பதிந்தவர்களுக்கு அதை மாவட்ட நீதிமன்றம்தான் தர முடியும், இருவரும் சம்மதித்தாலும் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று வேண்டும். தாபரிப்புப் பணத்துக்கு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணத்துக்கு, நீதவான் நீதிமன்றம் போக வேண்டும்.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.