அனுமதியில்லாமல் ஆன்லைனில் விற்கப்படும் உங்கள் சரக்கு: கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி

டீலருக்கு நீங்கள் கொடுக்கும் விலையை விடக் குறைவாக, முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பொருளை ஆன்லைனில் விற்கிறார். அது போலியா, அசலா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போலி என்றால் வணிகக்குறி மீறல் என்று ஆதாரத்தோடு தளத்தில் புகார் செய்யலாம். அசல் என்றால் அது உங்கள் கிடங்கிலிருந்து போன சரக்கு. விற்றவரை மட்டும் துரத்தினால் நாளைக்கு வேறு பெயரில் வருவார். சரக்கு எந்த வழியாகக் கசிந்தது என்பதைப் பிடிக்க வேண்டும்.

அதற்குச் சோதனைக் கொள்முதல்தான் வழி. நிறுவனத்தோடு தொடர்பில்லாத பெயரிலும் முகவரியிலும், ஒரே விற்பனையாளரிடம் சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வாங்குங்கள். ஆர்டர் போடுவதற்கு முன்பே லிஸ்டிங் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்பவர் பெயர், விலை, 'புதியது' என்ற குறிப்பு, வாரண்டி வாசகம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பார்சல் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: கூரியர் லேபிள், சீல், பில், கடைசியாகப் பொருளின் மேலுள்ள எண். தளத்தின் கிடங்கிலிருந்து வந்த பார்சல் என்றால் அனுப்புநர் முகவரி உதவாது. கிடங்கில் பலருடைய சரக்கு கலந்திருந்தால், கையில் வந்தது வேறொருவர் வைத்ததாகவும் இருக்கலாம். ஒரே கொள்முதலை நம்பி யார் மீதும் பழி போடக் கூடாது என்பது இதனால்தான்.

பேட்ச் எண் மட்டும் போதாது. ஒரே பேட்ச் பத்து டீலர்களுக்குப் போயிருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் வேண்டும். பெட்டிக்கு 24 என்றால், அடைக்கும்போதே 24 எண்களையும் ஸ்கேன் செய்து பெட்டி எண்ணோடு இணையுங்கள். சரக்கு கிளம்பும்போது பெட்டி எண்ணை டீலரின் பில்லோடு இணையுங்கள். இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு சின்ன விஷயத்தில்: உடைந்த ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பவர் மறுபடி ஸ்கேன் செய்யாமல் விட்டுவிடுவார். அந்த ஒரு எண் சம்பந்தமே இல்லாத டீலரைக் காட்டிவிடும்.

எண் இருந்த இடத்தில் கரைப்பான் போட்டுத் துடைத்த மங்கலோ, லேபிளில் சதுரமாக வெட்டிய ஓட்டையோ இருந்தால், விற்பவர் சரக்கு வந்த இடத்தை மறைக்கிறார். எனவே அதே எண்ணை மூடியின் உட்புறத்திலோ அட்டைப்பெட்டியின் மடிப்புக்குள்ளோ இன்னொரு முறை அச்சிடுங்கள். எண்ணை அழித்ததையும் படம் எடுத்து வையுங்கள். பொருளின் நிலை மாற்றப்பட்டது என்பதற்குப் பல நாடுகளில் அது சட்ட ஆதாரமாகும்.

இந்த ஆதாரம் ஏன் முக்கியம் என்றால், ஒருமுறை விற்ற அசல் பொருளை வாங்கியவர் மறுபடி விற்பதை வணிகக்குறிச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. வாரண்டி, தரப் பரிசோதனை, பேக்கிங் ஆகியவற்றில் உண்மையான வித்தியாசம் இருந்தால் அமெரிக்கா போன்ற இடங்களில் வழக்குக்கு இடம் உண்டு. உள்ளூர்ச் சட்டம் அனுமதித்தால், 'அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கியதற்கு மட்டுமே வாரண்டி' என்று வெளிப்படையாக அறிவியுங்கள். ஆனால் உங்கள் சேவை மையம் பில்லே கேட்காமல் எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்தால், அந்த வாதம் நிற்காது.

டீலர் ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: நேரடி நுகர்வோருக்கு மட்டும் விற்பனை, எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற தளங்களில் மட்டும் ஆன்லைன் விற்பனை, கணக்கைப் பார்க்கும் உரிமை, ஒப்பந்தம் முடிந்தால் மீதிச் சரக்கை நீங்களே திரும்ப வாங்கும் உரிமை. ஆனால் குறைந்தபட்ச விற்பனை விலையை வழக்கறிஞரைக் கேட்காமல் எழுதிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது கடுமையான போட்டிச் சட்ட மீறல். அமெரிக்காவில் 2007-இல் உச்ச நீதிமன்றம் லீஜின் என்ற தோல் பொருள் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்ததிலிருந்து கூட்டாட்சிச் சட்டம் அதை வழக்குக்கு வழக்கு எடைபோடுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம்.

எங்கள் கணிப்பில் கசிவுக்குப் பெரும்பாலும் வழி விடுவது உங்கள் விற்பனைப் பிரிவின் டார்கெட் ஸ்கீம்தான். அடுத்த தள்ளுபடி அடுக்கை எட்டுவதற்காக டீலர் தேவைக்கு மேல் எடுப்பார், மிஞ்சியதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். ஏரியா மாறாமல் ஆர்டர் மட்டும் இரட்டிப்பானவரை முதலில் பாருங்கள். திரும்பி வந்த சரக்கும் சேதமான சரக்கும் கழிவு வியாபாரியிடம் எப்படிப் போகின்றன என்பதையும் பாருங்கள்.

தளத்தில் புகார் செய்யும்போது அசல் பொருளைப் 'போலி' என்று குறிக்கவே குறிக்காதீர்கள். பொய்ப் புகார் உங்கள் மீதே வழக்காகத் திரும்பலாம், அடுத்த புகாரையும் நம்ப மாட்டார்கள். பழையதைப் புதியது என்று விற்றது, காலாவதியானது, உங்கள் புகைப்படத்தைத் திருடியது என்று நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். அமேசானில் பிராண்ட் ரெஜிஸ்ட்ரி, ஈபேயில் வெரோ ஆகியவை வணிகக்குறி உரிமையாளர்கள் புகார் செய்வதற்கான வழிகள். போலியைத் தடுக்கும் அமேசானின் டிரான்ஸ்பரன்சி திட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் குறியீடு ஒட்ட வேண்டும்.

டீலரை நிறுத்திய பிறகும் மீதிச் சரக்கு சில காலம் விற்றுக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை வாங்கித் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நிறுத்திய நாளுக்குப் பின் தயாரான சரக்கு வந்தால், இன்னொரு ஓட்டை திறந்திருக்கிறது.