சின்ன ஷனெல் பையா? தோலைப் பார்த்து எடுங்கள்

பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான ஷனெலின் ‘கிளாசிக் ஃபிளாப்’ என்ற மூடி வைத்த கைப்பையைச் சின்ன அளவில் வாங்கி, பின்னால் விற்கும் எண்ணமும் இருந்தால், கறுப்பு நிறத்தில் ‘கேவியர்’ தோலையே எடுங்கள். வழவழப்பான ஆட்டுக்குட்டித் தோல் வேண்டாம். பழைய பை வாங்குபவர் முதலில் தடவிப் பார்ப்பது மூலைகளைத்தான். கேவியர் என்பது மணிமணியாக எழும்பிய கன்றுத்தோல். உரசலும் நகக்கீறலும் அதில் சட்டென்று தெரியாது. ஆட்டுக்குட்டித் தோலில் மூலைச் சாயம் உதிர்ந்து வெளுக்கும், மெத்தைத் தையலின் உப்பல் அமுங்கும். சாயம் பூசி மறைத்தால் இன்னும் மோசம், விலை மேலும் இறங்கும்.

கணக்குப் போடும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்றுப்போன விலையில், விற்றுத் தருபவரின் கமிஷன் கழித்து மிஞ்சுவதுதான் உங்கள் கைக்கு வரும். 2021-க்கு முந்தைய பையென்றால் அது அசல் என்று காட்ட, உள்ளே ஒட்டிய எண் ஸ்டிக்கரும் அதே எண்ணுள்ள அட்டையும் இருக்கட்டும். பிந்தைய பைகளில் சிப் பொதித்த உலோகத் தகடு வருகிறது, அட்டையைத் தேட வேண்டாம்.

விற்கப் போவதே இல்லையென்றால் இந்தக் குறிப்பு பொருந்தாது. ஆட்டுக்குட்டித் தோலின் மென்மையும் பளபளப்பும் கேவியரில் வராது. விசேஷங்களுக்கு மட்டும் எடுப்பவர் அதையே தாராளமாக வாங்கலாம்.