தீக்காய நோயாளி பிழைப்பாரா? வார்டில் கணக்குப் போடும் முறை

“அறுபது சதவீதம் வெந்திருக்கு” என்று சொன்னதும், வெளியே நிற்கும் உறவினர்கள் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போடுவார்கள்: அப்படியானால் பிழைக்க நாற்பது சதவீதம் வாய்ப்பு. வார்டுக்குப் புதிதாக வந்தவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தச் சதவீதம் வெந்த தோலின் பரப்பை மட்டுமே சொல்கிறது. உயிர் தங்குமா என்பதை அந்தப் பரப்போடு வயதும், புகை நுரையீரலுக்குள் போனதா என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றில் ஒன்றைத் தப்பாக எடுத்தாலும் பின்னால் போடும் கணக்கெல்லாம் கோணலாகிவிடும்.

பரப்பை அளப்பது

துணி, நகை எல்லாவற்றையும் கழற்றி, கரியை ஈரத்துணியால் துடைத்த பிறகு அளக்க வேண்டும். துடைக்காமல் பார்த்தால் கரி படிந்த நல்ல தோலும் காயமாகத் தெரியும். பெரியவர்களுக்கு ஒன்பதின் விதி: தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. அதற்குத் தலையே 18, ஒரு கால் 14 அளவுதான். குழந்தைகளுக்கு வயதுவாரியான லண்ட்–பிரவுடர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிதறிக் கிடக்கும் காயங்களுக்கு விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை சுமார் 1 சதவீதம். நோயாளியின் உள்ளங்கையைச் சொல்கிறோம், அளப்பவருடையதை அல்ல. ஆறு வயதுப் பிள்ளையைத் தன் கையை வைத்து அளந்தால் விடை பாதியாகக் குறைந்துவிடும்.

வெறும் சிவப்பாக, கொப்புளமோ தோல் உரிவோ இல்லாமல் இருக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அனுப்பிய இடத்தில் 30 என்று எழுதி வந்த சீட்டு, துடைத்துப் பார்த்தால் 18 ஆவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நோயாளியைப் புரட்டி முதுகையும் பாருங்கள். கடைசியில் வேகாத இடத்தையும் தனியாக எண்ணுங்கள். இரண்டும் சேர்ந்து 100-க்குப் பக்கத்தில் வரவில்லையென்றால் எங்கோ தவறு.

ஆழத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக, அழுத்தினால் வெளிறி மறுபடி சிவந்தால் மேலோட்டமானது. வலியும் கடுமையாக இருக்கும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ, தோல்பொருள் போல விறைத்து, தொட்டாலும் உணர்வில்லாமல் இருந்தால் முழு ஆழம். நடுவில் இருப்பவை முதல் நாளில் பிடிபடாது. இரண்டு மூன்று நாளில் அவை இன்னும் ஆழமாகவும் போகும். அதனால் மூன்றாம் நாள் மறுபடி அளப்பது நல்லது.

புகை உள்ளே போனதா

மூடிய அறையில் தீப்பிடித்ததா என்பதுதான் முதல் கேள்வி. சளியில் கரி, குரல் கரகரப்பு, கருகிய மூக்கு முடி எல்லாம் அடையாளங்கள். உறுதி செய்வது பிராங்கோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது. திறந்த வெளியில் முகத்தில் தீ பட்டவருக்கும் மூக்கு முடி கருகும். அதை மட்டும் வைத்து மூச்சுவழிக் காயம் என்று எழுதிவிடக் கூடாது.

பல்ஸ் ஆக்சிமீட்டரை இங்கே நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே படித்து 99 என்று காட்டும். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். 100 சதவீத ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். ஆகவே ரத்தப் பரிசோதனை வரும்வரை காத்திருக்காமல் முகமூடியை மாட்டிவிடுங்கள்.

மூன்று கணக்கு, மூன்று விடை

45 வயது ஆண், 70 கிலோ. உடலின் முன்பக்கம் முழுதும் 18, இரண்டு கைகளும் 18, முகத்தில் 4; ஆக 40 சதவீதம். முழு ஆழக் காயம் உண்டு, மூச்சுவழிக் காயமும் உறுதியாகிவிட்டது.

முதலாவது பௌ கணக்கு. 1961-இல் பிரெஞ்சு மருத்துவர் செர்ஜ் பௌ கொடுத்தது. வயதோடு பரப்பைக் கூட்ட வேண்டும்: 85. திருத்திய முறையில் மூச்சுவழிக் காயத்துக்கு 17 சேரும்: 102. அந்தக் காலத்தில் 100 என்றாலே கை விட்ட மாதிரி. இன்று நல்ல வசதியுள்ள மையங்களில் பாதிக்குப் பாதி என்ற கோடு 110-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ நகர்ந்துவிட்டது.

இரண்டாவது, பாஸ்டனில் 1,665 நோயாளிகளை வைத்து 1998-இல் வெளியான கணக்கு. 60-க்கு மேல் வயது, 40-க்கு மேல் பரப்பு, மூச்சுவழிக் காயம் என்று மூன்று காரணங்கள். ஒன்றும் இல்லையென்றால் இறப்பு 0.3 சதவீதம், ஒன்று இருந்தால் 3, இரண்டு இருந்தால் 33, மூன்றும் இருந்தால் சுமார் 90. நம் நோயாளிக்கு ஒன்றுதான், ஆக 3 சதவீதம். ஆனால் பரப்பில் ஓர் உள்ளங்கை கூடி 41 ஆனால் ஒரே தாவலில் 33! எளிமைக்குக் கொடுக்கும் விலை இது. சின்னக் காயக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்ததால், ஒரே ஒரு காரணம் இருப்பவருக்கு அது காட்டும் இறப்பு எண் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவு.

மூன்றாவது 1982-இன் சுருக்கப்பட்ட தீக்காயத் தீவிரக் குறியீடு. 41 முதல் 60 வயதுக்கு 3, மூச்சுவழிக்கு 1, முழு ஆழத்துக்கு 1, 31 முதல் 40 சதவீதப் பரப்புக்கு 4, மொத்தம் 9. பெண்ணாக இருந்தால் இன்னும் 1 கூடும். 8, 9 என்றால் பிழைக்கும் வாய்ப்பு 50 முதல் 70 சதவீதம் என்கிறது அந்த அட்டவணை.

ஒரே ஆள், மூன்று விடை. எங்கள் கருத்தில் படுக்கையோரம் பேச பௌ கணக்கு போதும். மற்ற இரண்டும் ஒத்துப் பார்க்க. கைக்குழந்தைக்கு மட்டும் பௌ கணக்கைப் போடாதீர்கள். வயது என்று கூட்ட ஒன்றுமே இல்லாததால் ஆபத்து குறைவாகத் தெரியும். சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு எதையும் இந்த மூன்றும் கேட்பதே இல்லை. கேட்க வேண்டியது நீங்கள்.

முதல் 48 மணி நேரம்

ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த ஓட்டம் குறைந்துபோகும் அதிர்ச்சி நிலையும் மூச்சுவழிக் காயமும்தான் இந்த நேரத்தில் கொல்பவை. முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய நீர், பார்க்லாந்து சூத்திரப்படி 4 மி.லி. × எடை × சதவீதம்: நம் நோயாளிக்கு 4 × 70 × 40 = 11,200 மி.லி. ரிங்கர் லாக்டேட் (உப்புகள் கலந்த டிரிப் நீர்). பாதி முதல் 8 மணி நேரத்தில், மீதி அடுத்த 16 மணி நேரத்தில். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து, டிரிப் எதுவும் ஏறாமல் வந்தவருக்கு 5,600 மி.லி. 6 மணி நேரத்தில் ஏற வேண்டும், அதாவது மணிக்கு சுமார் 930. இப்போது பல மையங்கள் பெரியவர்களுக்கு 2 மி.லி.யில் தொடங்குகின்றன; மின்சாரக் காயத்துக்கு 4.

எதில் தொடங்கினாலும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது சிறுநீர்ப் பை. பெரியவருக்கு மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி., இவருக்கு 35. சிறு பிள்ளைக்கு கிலோவுக்கு 1. மணிக்கு 80, 100 என்று போய்க்கொண்டிருந்தால் சந்தோஷப்படாமல் டிரிப்பின் வேகத்தைக் குறையுங்கள் (மின்சாரக் காயத்தில் சிறுநீர் அடர்நிறமாக வந்தால் மட்டும் 75 முதல் 100 தேவை). அளவுக்கு மீறி ஏறும் நீர் நுரையீரலிலும் வயிற்றிலும் தேங்கும். ஒரு நாளில் கிலோவுக்கு 250 மி.லி.யைத் தாண்டினால், இவருக்கு 17,500, வயிற்றழுத்தம் ஏறிச் சிறுநீரகம் நின்றுபோகும் ஆபத்து வருகிறது. பரப்பைக் கூட்டி எழுதிய சீட்டு உயிருக்கு ஆபத்தாவது இந்த வழியில்தான்.

அதன் பிறகு

மூன்றாம் நாள் தொடங்கி, இறப்புக்கு முதல் காரணம் கிருமித்தொற்றும் அதனால் உறுப்புகள் செயலிழப்பதும். வெந்து செத்த தோல் உடம்பில் இருக்கும்வரை கிருமிக்கு அது விருந்து. 1970-இல் ஸ்லோவேனிய அறுவை மருத்துவர் ஸோரா யான்செகோவிச் எழுதியதிலிருந்துதான், முதல் சில நாளிலேயே அதைச் சீவி எடுத்துத் தோல் ஒட்டுவது பரவியது. தொற்று வருமுன்னே ஊசி மருந்தாக ஆன்டிபயாட்டிக் போட்டு வைப்பதால் நன்மையில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். வயிற்றுக்குப் போட்ட குழாய் வழியே 6 முதல் 12 மணி நேரத்துக்குள் ஊட்டம் தொடங்கட்டும். புரதம் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 கிராம். அறையை 28 முதல் 32 டிகிரியில் வையுங்கள். உங்களுக்கு வியர்த்தால் பரவாயில்லை.

பெரிய காயக்காரருக்குத் தொற்று இல்லாமலே 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருக்கும். 39-க்கு மேலே, அல்லது 36.5-க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். அதைவிட நம்பகமானவை வேறு சில: நேற்றுவரை ஏற்றுக்கொண்ட உணவு இன்று வயிற்றில் அப்படியே தேங்குவது, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது, ரத்தத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது.

வெளியே சொல்வது

மிகப் பெரிய காயத்தோடு வருபவர் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார். முழு ஆழக் காயத்தில் உணர்வு நரம்பே வெந்துவிடுவதால் அங்கே வலியும் அவ்வளவு இருக்காது. “நல்லாத்தானே பேசுறார்” என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். மறுநாள் நிலைமை மோசமாகும்போது, சிகிச்சையில்தான் ஏதோ தவறு என்று தோன்றும். அதனால் எண்ணை மட்டும் சொல்லாமல், இந்தத் தெளிவு நிலைக்காது, வீக்கம் ஏறும், முகம் அடையாளம் தெரியாமல் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொண்டை வீக்கம் முதல் 24 மணி நேரத்துக்குள் கூடிக்கொண்டே போகும். மூச்சுக்குழாய் போட முடிவாகி, மூச்சு கொஞ்சம் அவகாசம் தந்தால், மயக்க மருந்து கொடுக்கும் முன் நெருங்கிய ஒருவரை உள்ளே அழைத்து ஐந்து நிமிடம் பேச விடுங்கள். குழாய் போட்ட பிறகு அவரால் வாய்விட்டுப் பேச முடியாது.