லாரி அலுவலகத்தில் மென்பொருள்: டிரிப் கணக்கிலிருந்து தொடங்குவது எப்படி?

கடலூர் சிப்காட்டிலோ, புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலோ சரக்கு ஏற்றி, ஐந்து வண்டி முதல் முப்பது வண்டி வரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் பலரும் எல்.ஆர். (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு லாரி அலுவலகம் தரும் ரசீது) புத்தகம், டிரிப் நோட்டு, டாலி என்ற கணக்கு மென்பொருள் ஆகிய மூன்றைக் கொண்டே சமாளித்து வருகிறார்கள். போக்குவரத்து மேலாண்மை மென்பொருளை விற்க வருபவர் முதலில் காட்டுவது, வரைபடத்தில் வண்டிகள் நகரும் திரையைத்தான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிறிய அலுவலகத்தில் பணம் கசிவது வேறு இடங்களில்: முடிக்காமல் கிடக்கும் டிரிப் கணக்கு, சரக்கைப் பெற்றவர் கையெழுத்திட்டும் திரும்பி வராத ஒப்புகை நகல், வண்டியைக் காக்க வைத்ததற்குக் கேட்க மறந்த ஹால்ட் பணம். ஆகவே டிரிப் கணக்கு முதலில், எல்.ஆரும், சரக்கு நகர்வுக்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் அடுத்து, ஒப்புகையும் பில்லும் அதன் பின், ஜி.பி.எஸ். கடைசியில் என்ற வரிசையில் மென்பொருளைக் கொண்டுவருவதே நல்லது என்பது என் கருத்து.

எந்த மென்பொருளையும் பார்க்கும் முன்பு, கடந்த ஒரு மாதத்து டிரிப் ஷீட்டுகளையும் எல்.ஆர். நகல்களையும் மேசையில் பரப்பி வைத்துப் படியுங்கள். ஒரே பார்ட்டியின் (சரக்கு வாடிக்கையாளரின்) பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரே பங்கின் டீசல் சீட்டு இரண்டு பெயர்களில் கணக்கேறியிருக்கும். இவற்றை ஒரே பெயருக்குக் கொண்டுவந்து, வண்டி எண், பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண், வழித்தடம், வாடகை ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் தயார் செய்ய வேண்டும். ஓட்டுநருக்கான படிக்காசு விதிகளையும் அப்போதே எழுதிவிடுங்கள். சென்னைக்கு எவ்வளவு, இரவு தங்கினால் எவ்வளவு, ஏற்றுக்கூலியை ஓட்டுநர் கொடுத்தால் ரசீது இல்லாமல் எந்தத் தொகை வரை ஏற்கப்படும் என்பவை முதலாளியின் மனத்தில் மட்டும் இருந்தால், மென்பொருளிலும் அவரையே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கும்.

டிரிப் கணக்கை ஒரு வண்டியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கடலூர் சிப்காட்டில் டிரம் ஏற்றி மணலியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது மீட்டர் 4,11,960, திரும்பியபோது 4,12,380, ஓடியது 420 கிலோமீட்டர். டேங்க் நிரப்பிப் புறப்பட்டு, திரும்பியதும் மீண்டும் நிரப்பியபோது, வழியில் போட்டதையும் சேர்த்து 105 லிட்டர் பிடித்தது என்றால் மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர். அட்வான்ஸ் 8,000 ரூபாயில் வழியில் போட்ட டீசலுக்குக் கொடுத்தது, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, படி ஆகியவற்றைக் கழித்து மீதியை ஓட்டுநர் திருப்ப வேண்டும். கூடுதலாகச் செலவாகியிருந்தால் அலுவலகம் கொடுக்க வேண்டும். டோல் பணம் ஃபாஸ்டேக் கணக்கில் நேராகக் கழிந்துவிடுவதால் அது அட்வான்ஸில் வரக்கூடாது, ஆனால் டிரிப் செலவில் வர வேண்டும். இந்த வேறுபாட்டைச் சரியாகக் கையாளாத மென்பொருள்கள் உண்டு. விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கை விட்டுவிட்டு, உங்கள் அலுவலகத்தில் மிகவும் சிக்கலாகிப்போன ஒரு டிரிப்பைக் கொடுத்து, அவர் கண்முன்னே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

டீசல் பதிவில் நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. வரி வேறுபாட்டால் புதுச்சேரியில் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவாக இருந்துவருகிறது. கடலூர் வண்டிகளும் முடிந்தவரை அங்கேயே நிரப்பிக்கொள்கின்றன. எனவே லிட்டரும் தொகையும் மட்டும் போதாது. பங்கின் பெயர், அது எந்த எல்லைக்குள் இருக்கிறது, அன்றைய விலை, மீட்டர் எண் ஆகிய நான்கும் ஒரே பதிவில் வர வேண்டும். இல்லாவிட்டால் மலிவான டீசலால் செலவு குறைந்ததா, வண்டியின் மைலேஜ் கூடியதா என்று பிரித்தறிய முடியாது.

அடுத்தது எல்.ஆர்., இ-வே பில். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சுமார் 25 கிலோமீட்டர்தான் என்றாலும், முள்ளோடையைத் தாண்டினால் சட்டப்படி அது மாநிலங்களுக்கிடையேயான போக்குவரத்து. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் சரக்குக்கு 1,00,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் இ-வே பில் என்ற வரம்பு இருக்க, எல்லை தாண்டும் சரக்குக்கு அது 50,000 ரூபாயாகிறது. அனுப்புபவர் இடத்திலிருந்து டிரான்ஸ்போர்ட் கிடங்குக்கு 50 கிலோமீட்டருக்குள் கொண்டுவரும்போது வண்டி எண் விவரம் இல்லாமலே நகர்த்தலாம் என்ற சலுகையும் ஒரே மாநிலத்துக்குள் அல்லது ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் மட்டுமே செல்லும். கடலூர் சிப்காட் இருக்கும் குடிகாட்டிலிருந்து புதுச்சேரி கிடங்குக்குச் சரக்கு எடுப்பவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போகும் லோடு யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே முடிவதுபோலத் தோன்றினாலும், வண்டி கடலூர், சிதம்பரம் வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்தே செல்கிறது. மென்பொருள் எல்லைக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று பார்க்க, தமிழ்நாட்டுக்குள் செல்வது, குடிகாட்டிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வது, புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குச் செல்வது ஆகிய மூன்று லோடுகளும் போதும்.

200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இ-வே பில்லின் செல்லுபடிக் காலம் வருகிறது. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பும் 8 மணி நேரம் பின்பும்தான் நீட்டிக்க முடியும். வழியில் வண்டி பழுதாகி லோடை மாற்றினால் புதிய வண்டி எண்ணைப் பதிய வேண்டும். மென்பொருள் தரும் எச்சரிக்கை இரவில் யாருடைய கைப்பேசிக்கு வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓ.டி.பி. சரிபார்ப்பு கட்டாயம். முதலாளியின் கைப்பேசி எண் ஒன்றையே கொடுத்து வைத்துவிட்டு, அவர் கல்யாண மண்டபத்தில் இருக்கும்போது சிப்காட் கேட்டில் வண்டியை நிறுத்தி வைப்பது தேவையற்றது. ஊழியர்களுக்குத் துணைப் பயனர் கணக்கை அவரவர் எண்ணிலேயே உருவாக்கலாம்.

ஒப்புகை நகலுக்கு, சரக்கு இறங்கிய இடத்திலேயே கையெழுத்தும் முத்திரையும் தெரியும்படி ஓட்டுநர் படம் எடுத்து அனுப்புவது போதுமான தொடக்கம். ஆயினும் பல நிறுவனங்கள் அசல் தாள் வந்தால்தான் பில்லை எடுத்துக்கொள்கின்றன என்பதால், படம் வந்த தேதி, அசல் வந்த தேதி, பில் கொடுத்த தேதி என மூன்று கட்டங்கள் தேவை. குறைவு, சேதம் என்று இறக்கியவர் எழுதியிருந்தால் அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தே பதியுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பின்னால் தேட முடியாது. வெளிவண்டி (பிறருக்குச் சொந்தமான வண்டி) வாடகைக்கு எடுப்பவர்கள் அந்த உரிமையாளரின் பான் எண்ணையும், 10 சரக்கு வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியையும் வண்டிப் பதிவோடு இணைத்துவிட வேண்டும். வரிப் பிடித்தம் இல்லாமல் வாடகை கொடுப்பதற்கு அதுவே ஆதாரம். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளோடு, ரசாயனம் ஏற்றும் வண்டியாக இருந்தால் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள அபாயகரப் பொருள் மேற்குறிப்பின் காலாவதித் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது வண்டிக்கு மாதக் கட்டணமா, பயனருக்கா, எல்.ஆருக்கா என்று கேளுங்கள். ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் கட்டணம் உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. டாலிக்கு எப்படிப் போகும், சந்தாவை நிறுத்தினால் பழைய எல்.ஆர். எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்குக் கொண்டுவரும்போது எல்லா வண்டிகளையும் ஒரே நாளில் ஏற்றாமல், ஒரே வழித்தடத்தில் ஓடும் இரண்டு மூன்று வண்டிகளோடு ஒரு மாதம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். பிறகு நோட்டை நிறுத்தும் தேதியை அறிவித்து, அன்று நிறுத்திவிட வேண்டும். இரண்டும் தொடர்ந்தால் நோட்டுதான் வெல்லும். ஓட்டுநரைத் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டாம். அவர் செய்ய வேண்டியது மீட்டர், டீசல் ரசீது, ஒப்புகை ஆகியவற்றின் படம் அனுப்புவது மட்டும். பதிவு செய்வது அலுவலகத்தின் வேலை. பதிலுக்கு, டிரிப் முடிந்த அன்றே அவருடைய கணக்கு தமிழில் அவர் கைப்பேசிக்குப் போய்ச் சேர வேண்டும். தன் மீதிப் பணம் எவ்வளவு என்று கேட்டு அலைய வேண்டியதில்லை என்று தெரிந்தால், படம் அனுப்பும்படி யாரும் அவரை விரட்ட வேண்டியிருக்காது.

இவை ஓடத் தொடங்கிய பிறகு ஜி.பி.எஸ்ஸை இணைக்கலாம். அதில் முதலில் அமைக்க வேண்டியது, ஏற்றும் இறக்கும் இடங்களைச் சுற்றிய எல்லைக்கோடு. வண்டி தொழிற்சாலை வாசலுக்குள் எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்ற நேரம் எல்.ஆரிலேயே பதிவாகும்; இரண்டு நாள் நிறுத்தி வைத்ததற்கு ஹால்ட் பணம் கேட்கும்போது அந்த நேரப் பதிவையே பில்லோடு அச்சிட்டு இணைத்து அனுப்பலாம்.