எந்த கப்ளர் எங்கே போகும்? பழைய ஸ்டார்மில் நான் பட்ட பாடு

பாபநாசம் பக்கம் மாமா வீட்டு நெல் கொட்டகையில் ஆறு வருஷம் கிடந்த சான் ஸ்டார்ம் அது. கோவாவில் தயாரான இரண்டு சீட் கார், உள்ளே ரெனோவின் 1149 சிசி என்ஜின். சம்பா அறுப்பு முடிந்தால் வயல் எலிகளுக்குப் போக்கிடம் கொட்டகைதானே? ஒயரிங்கைக் கடித்துக் குதறியிருந்தன. போதாததற்கு, முன்பு யாரோ ஒருவர் கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்டு வைத்திருந்தார். எனவே ஒயர் நிறத்தை நம்ப வழியில்லை. ஐந்து கப்ளர்கள், அதாவது ஒயர் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பான்கள், எதில் மாட்டுவது என்று தெரியாமல் தொங்கின.

முதலில் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம், சித்திரை வெயிலில் பிசினாகிக் கையில் வரும். அடுத்து, ஒயரை இழுக்காமல் அதன் போக்கில் விடுங்கள். வருஷக்கணக்கில் மடங்கிக் கிடந்த ஒயர் தன் இடத்தைப் பெரும்பாலும் தானே காட்டிவிடும். எனக்கு இப்படியே இரண்டு முடிந்தன.

மிச்சத்துக்கு டிஜிட்டல் மல்டிமீட்டர். டெஸ்ட் லாம்ப் (ஒயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் பல்பு) வைத்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூவின் ஒயரைத் தொடாதீர்கள், அந்த பல்பு இழுக்கும் கரண்டை இ.சி.யூவுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் தாங்காமல் போகலாம். நான் டெஸ்ட் லாம்பை என்ஜின் பக்கமே கொண்டுபோவதில்லை.

என்னை ஒரு வாரம் கவிழ்த்தது இந்த இடம்தான். சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கருப்பு முனையை பக்கத்தில் இருந்த பாடி ஸ்க்ரூவில் வைத்தேன். எந்த கப்ளரிலும் வோல்ட் இல்லை. ‘ஒயரிங் செட்டே செத்துப்போச்சு’ என்று முடிவுகட்டி, முழுசாகக் கழற்றி வீட்டுத் திண்ணையில் பரப்பிவிட்டேன். அம்மா கோலம் போட இடமில்லாமல் திட்டினார். பிறகுதான் உறைத்தது: ஸ்டார்ம் பாடி ஃபைபர் கிளாஸ். அதில் எர்த் எங்கே கிடைக்கும்? கருப்பு முனையை நேரே பேட்டரி நெகட்டிவில் வைத்தால் எல்லாம் பேசியது. இரும்பு பாடி வண்டியிலும் துருப்பிடித்த ஸ்க்ரூ இதே பொய்யைச் சொல்லும்.

இப்போது இரண்டு பின் கப்ளர்கள். ஒரு பின்னில் 5 வோல்ட்டை ஒட்டி வந்தால் அது டெம்பரேச்சர் சென்சருடையது. சென்சரையும் சோதியுங்கள்: நம்மூர்ச் சூட்டில் ஆறிய என்ஜினில் சுமார் 2 கிலோ ஓம் காட்டும், சூடாக ஆகக் குறையும். 12 வோல்ட் வந்தால்தான் தலைவலி. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கப்ளரும் அதேதான் காட்டும், கியர்பாக்ஸ் ரிவர்ஸ் லைட் சுவிட்சும் அதேதான் காட்டும். சாவியை ஆஃப் செய்து, வோல்ட் வராத பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம் என்று பாருங்கள். சில ஓம்தான் என்றால் அந்தப் பக்கம் பல்பு இருக்கிறது, அதாவது ரிவர்ஸ் லைட். இன்ஜெக்டர் என்றால் அந்த ஒயர் இ.சி.யூவுக்குப் போகும், இவ்வளவு குறைவாகக் காட்டாது. என் ஐந்தாவது கப்ளர் இந்த ரிவர்ஸ் லைட்டுடையதுதான். என்ஜினில் அது மாட்டும் இடத்தைத் தேடித் தேடி அலைந்தது வீண், அது கியர்பாக்ஸ் சமாச்சாரம்!

பிற்சேர்க்கை: மன்னார்குடி நண்பர் ஒருவருக்கு மூன்று பின் கப்ளரில் குழப்பம். த்ராட்டில் சென்சர் (ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது), மேப் சென்சர் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைச் சொல்வது) இரண்டுக்கும் 5 வோல்ட், எர்த், சிக்னல் என்று ஒரே அமைப்பு. சென்சரை மாட்டிவிட்டு, ஊக்கின் முனையைக் கப்ளரின் பின்பக்க ரப்பர் வழியே நுழைத்து சிக்னலை அளக்கச் சொன்னேன். சாவி ஆன், என்ஜின் ஓடக்கூடாது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த அரை வோல்ட்டிலிருந்து ஏறினால் த்ராட்டில். சும்மா இருக்கும்போதே 4 வோல்ட்டுக்கு மேல் நின்று, வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சினால் இறங்குவது மேப். உறிஞ்சும் முன் குழாயைத் துடைத்துக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டேன். போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.